தோட்டத்தைப் படித்த பெண்: கலாநிதி ஜானகி அம்மாள்

நூற்றாண்டு மலரில் ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறும் இடம்பெற வேண்டும் என மலர்க்குழு தீர்மானித்தபோது பல பெயர்கள் முன்மொழியப்பட்டன. அரசியலில் நின்றவர்கள், வைத்தியர்கள், எழுத்தாளர்கள் எனப் பட்டியல் நீண்டது. கடைசியில் எமது ஊரைச் சேராத, எமது பள்ளிக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஒருவரின் பெயரில் வந்து நின்றோம். தாவரவியல் கலாநிதி ஈ. கே. ஜானகி அம்மாள். 1897இல் பிறந்து 1984இல் மறைந்தவர்.

ஏன் அவர் என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் இருந்த முதற் காரணம் சற்று வெட்கம் தருவது. எம்மில் பலர் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள். மெண்டலின் பட்டாணிச் செடியை நெட்டை, குட்டை என மனனம் செய்து எழுதிப் புள்ளி பெற்றவர்கள். நிறமூர்த்தம் என்றால் என்ன என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஆனால் உலகின் பயிர்த் தாவரங்களுக்கெல்லாம் நிறமூர்த்தக் கணக்கை ஒரு நூலில் சேர்த்துத் தந்த இருவரில் ஒருவர் சேலை உடுத்திய பெண் என்பதும், அவர் பாக்கு நீரிணைக்கு அப்பால் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருந்து வேலை செய்தவர் என்பதும் வெகு காலத்துக்குப் பின்னரே எமக்குத் தெரியவந்தது.

இரண்டாவது காரணம் கரும்பு. அதைப் பின்னர் சொல்கிறோம்.

ஜானகி பிறந்தது மலபார்க் கரையில் தலசேரி என்னும் ஊரில். 1897 நவம்பர் 4ஆம் திகதி. தகப்பனார் ஈ. கே. கிருஷ்ணன் அக்காலச் சென்னை மாகாணத்தில் உப நீதிபதி. நீதிமன்றத்தை விட்டு வீட்டுக்கு வந்தால் தோட்டமும் பறவைகளுமே அவரது உலகம். வட மலபார்ப் பறவைகளைப் பற்றி எழுதியவர். தாயார் தேவி. தாயாரின் தந்தை ஜோன் சைல்ட் ஹனிங்டன் என்ற ஆங்கில அதிகாரி. தகப்பனாருக்கு இரு மனைவியர் மூலம் 19 பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் வளர்ந்த பெண்பிள்ளை தோட்டத்துக்குள் போய்த் தனியே இருந்ததில் வியப்பில்லை.

குடும்பம் தீய்யர் சாதியைச் சேர்ந்தது. தென்னை, பனை ஏறுவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்று மேற்சாதியார் தள்ளிவைத்த சமூகம் அது. தகப்பனார் நீதிபதியாக இருந்தாலும் சாதி விலகிப் போய்விடவில்லை. அதே வேளை, வட மலபாரின் தீய்யர் தாய்வழி முறையினர். பரம்பரை தாயின் பக்கமாகவே கணக்கிடப்படும். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் பிறந்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் எந்தக் குடி என்பது உம்மாவின் குடியைக் கொண்டே தீர்மானமாகிறது. வீடும் மகளுக்கே போகிறது. எமது குடிமுறைக்கும் மலபார்க் கரைக்கும் தொடர்பு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜானகியின் வாழ்க்கையைப் படித்தபோது அவர் ஒரு பெண் என்ற உணர்வைக் கூச்சமாகக் கொள்ளாமல் நடந்த விதத்துக்கு இந்தத் தாய்வழி வீடும் ஒரு காரணமாக இருக்கலாம் என எமக்குத் தோன்றியது.

தலசேரியில் கன்னியர் மடப் பள்ளியில் படித்து, சென்னைக்குச் சென்று குயின் மேரிஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1914இல் தொடங்கிய அக்கல்லூரியே சென்னையில் பெண்களுக்கென அமைந்த முதலாவது கல்லூரி. பின்னர் பிரசிடென்சி கல்லூரியில் தாவரவியலில் 1921இல் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார். அக்காமார் ஒவ்வொருவராக வீட்டார் பார்த்த மாப்பிள்ளையைக் கல்யாணம் முடித்துப் போக, இவருடைய முறையும் வந்தது. அந்த நேரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து புலமைப்பரிசில் கிடைத்தது. இவர் கப்பலைத் தெரிந்தெடுத்தார்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லீவை பார்பர் என்ற வழக்கறிஞர் ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்றே 1917இல் ஏற்படுத்திய நிதி அது. படித்து முடித்துத் தம் நாட்டுக்குத் திரும்பி அங்குள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1924இல் 26 வயதில் ஜானகி புறப்பட்டார். எமது பள்ளியின் வயதும் அந்தப் பயணத்தின் வயதும் ஏறக்குறைய ஒன்று. அன்றைக்கு எமது கரையில் பெண்பிள்ளைகள் பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவது வழக்கம். எங்கள் மூத்தம்மாமார் ஓதப் படித்தார்கள், பாய் இழைக்கப் படித்தார்கள். அடுத்த ஊருக்குத் தனியே போனவர்கள் கூட அரிது. அதே ஆண்டில் அதே கடலின் மறுகரைப் பெண் ஒருவர் நியூயோர்க் துறையில் இறங்கினார் என்பதை நினைக்கையில் எமக்கு மலைப்பாகவே இருக்கிறது.

குடிவரவு அதிகாரிகள் அவரை எல்லிஸ் தீவில் தடுத்து வைத்தார்கள். பட்டுச் சேலையும் நீண்ட கூந்தலுமாக நின்றவரைப் பார்த்து, இந்திய இளவரசியோ என்று கேட்டவர்கள் இருந்தார்களாம். இவர் இல்லை என்று மறுக்கவில்லை. இந்தக் குறும்பு அவரிடம் கடைசிவரை இருந்தது.

1925இல் முதுமாணிப் பட்டம். சென்னைக்குத் திரும்பிச் சிலகாலம் கற்பித்துவிட்டு மறுபடியும் மிச்சிகன் சென்று 1931இல் விஞ்ஞான கலாநிதியானார். தாவரவியலில் அந்தத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். அங்கே அவர் உருவாக்கிய ஒரு கலப்பினக் கத்தரி ‘ஜானகி பிரிஞ்சால்’ என்ற பெயரால் அறியப்பட்டது. அமெரிக்கா வரை போய்க் கத்தரிக்காயையா ஆராய்ந்தார் என்று சிரிக்க வேண்டாம். அதிலேதான் அவருடைய முழு வாழ்க்கையின் போக்கும் இருக்கிறது. அபூர்வமான செடிகளைத் தேடுவதை விட அடுப்பங்கரைக்கு வரும் செடிகளையே அவர் முதலில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார்.

அவர் செய்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விஞ்ஞானம் படிக்காத சகோதரிகளும் இம்மலரை வாசிப்பார்கள். ஒரு செடியின் வேர் நுனியில் கலங்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். அந்த நுனியை வெட்டி, மருந்தில் இட்டு, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்தால், பிரியும் கலத்துக்குள் சிறு குச்சிகளாக நிறமூர்த்தங்கள் தெரியும். அவற்றை எண்ண வேண்டும். நெல்லுக்கு 24. கத்தரிக்கும் 24. தென்னைக்கு 32. மாவுக்கு 40. பயிரிடும் இனிப்புக் கரும்புக்கு 80. ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் 80 குச்சிகளைக் கண் நோக எண்ணிச் சரிபார்க்கும் பொறுமையை, மருதமுனைத் தறியில் நூல் எண்ணும் கைகளே நன்கு விளங்கிக்கொள்ளும்.

எண்ணி என்ன பயன்? வாழையை எடுத்துக்கொள்வோம். நாம் உண்ணும் பெரும்பாலான வாழைகளில் 33 நிறமூர்த்தங்கள். 11 என்ற தொகுதி மூன்று மடங்கு. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. ஆகவே விதை உருவாவதில்லை. காட்டு வாழையில் இரு மடங்கு, ஆகவே பழம் முழுக்கக் கொட்டை. ஒரு தோட்டக்காரர் எந்தச் செடியை எதனோடு கலந்தால் பிள்ளை பிறக்கும், எது மலடாகும், எதைக் கிழங்கு வைத்துத்தான் பெருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலே அடங்கியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் 1932 முதல் இரண்டு ஆண்டுகள் பேராசிரியையாக இருந்துவிட்டு, 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்துக்கு வந்தார்.

இனிக் கரும்பின் கதை. இந்தியா அக்காலத்தில் ஜாவாவிலிருந்து சீனி இறக்குமதி செய்தது. வெப்பநாட்டின் தடித்த இனிப்புக் கரும்பு வட இந்தியாவின் குளிருக்கும் வறட்சிக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. 1912இல் கோயம்புத்தூரில் நிலையம் தொடங்கிய பார்பர் என்ற ஆங்கிலேயரும் (புலமைப்பரிசில் தந்த பார்பர் வேறு) வெங்கடராமனும் இனிப்புக் கரும்பை ஆற்றோரக் காட்டு நாணலுடன் கலந்தார்கள். ஒன்றில் இனிமை, மற்றதில் உரம். அதன் பிள்ளைகள் ‘கோ’ என்ற முன்னெழுத்தோடு நாடெங்கும் பரவின. ஜானகி வந்தபோது அந்த வெற்றி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆனால் அது ஏன் வெற்றி பெற்றது, இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கலத்துக்குள் பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அவர் நாணலின் பல வகைகளையும் சேர்த்து எண்ணினார். ஒவ்வோரிடத்து நாணலிலும் கணக்கு வேறுவேறாக இருந்தது. கரும்பைச் சோளத்தோடும் தர்ப்பை இனப் புல்லோடும் கலந்து பார்த்தார். புல் குடும்பத்தில் தூரத்துச் சொந்தங்கள்கூடச் சேர்ந்து பிள்ளை பெறும் என்பதை அக்கலப்புகள் காட்டின. அவற்றில் பல வயலுக்குப் போகவில்லை. ஆயினும் கரும்பின் வம்சாவளியை விளங்கிக்கொள்ள அவை உதவின.

எமது மாவட்டத்துக் கல்லோயாத் திட்டத்தில் ஹிங்குரானைச் சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு ஏற்றிப்போன லொறிகளை எம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லொறியின் பின்னால் ஓடி ஒரு தடியை இழுத்துச் சப்பியவர்கள் இச்சங்கத்தில் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டோம். இலங்கையில் நெடுங்காலம் பயிரிடப்பட்ட ‘கோ 775’ என்ற இனம் கோயம்புத்தூரில் பிறந்தது. அதை ஜானகி உண்டாக்கினார் என்று நாம் சொல்லவில்லை. அந்த நிலையத்தின் கரும்புகள் எவ்வாறு கலந்தன என்ற அறிவில் அவருடைய கண்ணும் ஒன்று. எமது கடைவாயில் ஒழுகிய சாற்றுக்கும் அவருக்கும் அந்த அளவு தொடர்பு போதும்.

1935இல் சி. வி. இராமன் தாம் பெங்களூரில் நிறுவிய விஞ்ஞானக் கழகத்துக்கு ஜானகியை அங்கத்தவராக்கினார். வெளியில் இவ்வளவு மதிப்பு. நிலையத்துக்குள்ளே வேறு கதை. பெண், கல்யாணம் முடிக்காதவர், தாழ்ந்தது எனக் கருதப்பட்ட சாதி. இம்மூன்றும் சேர்ந்து உடன் பணியாற்றிய ஆண்களிடையே அவருடைய நிலையைக் கடினமாக்கின என்று அவரது வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர். எவர் என்ன சொன்னார் என்ற விபரத்துக்குள் நாம் போகவில்லை. பெரிய அலுவலகங்களில் வேலை பார்த்த எம் சகோதரிகளுக்கு அது எப்படி நடக்கும் என்பது தெரியும். எவரும் நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோப்பு மட்டும் நகராது.

1939 ஆகஸ்ட்டில் எடின்பரோ நகரில் உலகப் பிறப்புரிமையியல் மாநாடு நடந்தது. அதற்காகச் சென்றவர் அங்கிருக்கும்போதே யுத்தம் மூண்டது. அவர் திரும்பவில்லை. 41 வயதில் வேலையை விட்டு, குண்டு விழும் ஒரு நாட்டில் முதலிலிருந்து தொடங்கினார். லண்டனை அடுத்த மேர்ட்டனில் இருந்த ஜோன் இனஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் உதவிக் கலவியலாளர் பதவி. கோயம்புத்தூரில் இருந்ததிலும் சிறிய பதவி என்றே சொல்ல வேண்டும். இந்தத் தீர்மானத்தை நாம் இலேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. துணிச்சல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் நாற்பது வயதில் தாம் கட்டியெழுப்பியதை விட்டுவிட்டுப் போவது எத்தகையது என்பதை யுத்த காலத்தில் பெட்டியோடு வெளிநாடு போன எம் சகோதரிகள் எம்மைவிட நன்கு அறிவார்கள்.

மேர்ட்டன் நிறுவனம் பழமரங்களின் ஆய்வில் பெயர்பெற்றது. இன்றைக்கும் உலகெங்கும் அப்பிள் ஒட்டுவதற்குப் பயன்படும் எம். எம். 106 என்ற அடிக்கட்டையின் பெயரில் உள்ள ஓர் ‘எம்’ மேர்ட்டனைக் குறிக்கும். லண்டனில் இருக்கும் சகோதரிகள் சமையலுக்கு வாங்கும் பிராம்லி என்ற புளிப்பு அப்பிளும் வாழையைப் போல மூன்று மடங்கு கணக்குடையது. அதன் மகரந்தம் பயன்படாது. ஆகவே பிராம்லி வைப்பவர் பக்கத்தில் வேறு இரண்டு சாதி அப்பிள் மரங்களும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் பூக்கும், தோட்டம் முழுதும் ஒழுங்காகக் காய்க்காது. எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னதால் தோட்டக்காரர்கள் அறிந்த விடயம் இது.

இந்தியாவிலிருந்து ஓர் அணிற்பிள்ளையைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுபோய் வளர்த்தார் என்றும், அதற்குக் ‘கபொக்’ என்று பெயரிட்டிருந்தார் என்றும் குடும்பத்தார் கதை சொல்வார்கள். கபொக் என்றால் இலவம் பஞ்சு. இரவில் விமானம் வந்தால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வாராம். காலையில் நொறுங்கிய கண்ணாடியைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலைக்கு உட்காருவாராம். அந்த இரவுகளுக்கும் காலைகளுக்கும் இடையில்தான் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து ‘பயிரிடப்படும் தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணை’ என்ற நூலைத் தொகுத்தார். 1945இல் வெளிவந்தது. உணவுப் பயிர், பழமரம், மருந்துச் செடி, பூச்செடி, நார்ச்செடி என மனிதன் நட்டு வளர்ப்பன எல்லாவற்றுக்கும் கணக்கு ஓரிடத்தில் கிடைத்தது அப்போதுதான். புதுச்சாதி உண்டாக்க முயல்பவர் எவரும் முதலில் புரட்டும் புத்தகமாக அது ஆயிற்று. அட்டையில் இரண்டு பெயர்கள். அவற்றில் இரண்டாவது பெயர் எமது பக்கத்துப் பெயர்.

அதே ஆண்டில் வேத்தியல் தோட்டக்கலைச் சங்கம் அவரைச் சரே மாவட்டத்திலுள்ள தன் விஸ்லித் தோட்டத்துக்கு அழைத்தது. அத்தோட்டத்தில் சம்பளம் பெற்று விஞ்ஞானியாக வேலை செய்த முதற் பெண் அவர். விஸ்லியின் மண் மணற்பாங்கானது, புளிப்பு மண். கரையோரத்து மணலில் தென்னம்பிள்ளையைத் தவிர வேறு எதை நட்டாலும் தண்ணீர் நில்லாமல் ஓடும் என்று அலுத்துக்கொள்ளும் எமக்கு இது ஆறுதல். எருவும் இலைக்குப்பையும் சேர்த்து அந்த மணலில்தான் உலகம் பார்க்கப் போகும் தோட்டத்தை உண்டாக்கியிருக்கிறார்கள்.

அங்கே அவர் கொல்சிசின் என்ற பொருளைக் கொண்டு வேலை செய்தார். எமது வேலிகளில் படரும் செங்காந்தள் கிழங்கிலும் இருக்கும் நஞ்சு அது. ஒரு கலம் பிரியும்போது முதலில் நிறமூர்த்தங்கள் இரட்டிக்கும், பிறகு கலம் இரண்டாகும். கொல்சிசின் அந்த இரண்டாம் படியை மறித்துவிடும். இரட்டித்தது இரட்டித்தபடியே ஒரே கலத்தில் நின்றுவிடும். அப்படி வளரும் செடியில் இலை தடிக்கும், பூ பெருக்கும். அளவு கூடினால் செடி செத்துவிடும். ஜானகி மக்னோலியா மரத்தின் முளைவிட்ட நாற்றுகளின் குருத்தில் இந்த மருந்தை இட்டார். 38 ஆக இருந்த கணக்கு 76 ஆயிற்று. மரம் பூக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். இட்டவர் போய்விட்டார். நாற்றுகள் நின்றன. அவற்றில் ஒன்றுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

1951இல் நேரு அழைத்தார். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்க வேண்டும் என்பது வேலை. 1952 ஒக்டோபரில் விசேட கடமை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். ஆங்கிலேயர் காலத்தில் இந்நாட்டுச் செடிகளைப் பறித்து உலர்த்தி லண்டனுக்கு அனுப்பினார்கள். இந்தியாவின் செடியைப் பார்க்க இந்தியர் கப்பலேற வேண்டியிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. திட்டத்தை அவர் வரைந்தார். 1954இல் சீரமைப்பு நடந்தபோது தலைமைத் தாவரவியலாளர் பதவிக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டார். அது அவருக்கு நெஞ்சுக்குள் நின்றது. அலகாபாத்தில் அமைந்த மத்திய தாவரவியல் ஆய்வுகூடத்தின் பணிப்பாளராகப் போய் அங்கும் வேலையைத் தொடர்ந்தார்.

அவரைப் பற்றி எழுதுவோர் இவ்விடத்தில் விருதுகளைச் சொல்லித் தாண்டிப் போய்விடுகிறார்கள். மிச்சிகன் 1956இல் கௌரவப் பட்டம் வழங்கியதும் இந்திய அரசு 1977இல் பத்மஸ்ரீ வழங்கியதும் உண்மைதான். எமக்கு அவற்றிலும் பெரிதாகத் தெரிவது 1955 யூன் மாதம். மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றினான் என்பதை ஆராய அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஒரு பெரும் மாநாடு கூடியது. அழைக்கப்பட்ட அறிஞர்களிடையே ஒரே பெண் ஜானகி. எல்லோரும் கூடுதலாக விளைவிப்பதைப் பேசிய காலத்தில், அவர் இந்தியாவின் பழங்குடிகள் தமக்குப் போதுமானதை எப்படி விளைவித்து உண்டார்கள், அவர்களுடைய செடிகளைப் பெண்கள் எப்படிப் பேணினார்கள், தாய்வழிச் சமூகங்களில் நிலமும் விதையும் யார் கையில் இருந்தன என்பதை எடுத்துப் பேசினார். பத்தாயத்தில் விதைநெல்லைத் தனியே கட்டி வைத்து, அதை எந்தப் பஞ்சத்திலும் குத்த விடாத எங்கள் மூத்தம்மாமாரை இக்கட்டுரையைக் கூடியிருந்து வாசித்தபோது நினைத்துக்கொண்டோம். அவர்கள் செய்ததும் ஒரு வேளாண்மை அறிவு என்று எவரும் எமக்குச் சொல்லித் தந்ததில்லை.

இமயமலைச் செடிகளிலும் அவர் நெடுங்காலம் ஆய்ந்தார். குளிரும் ஈரமும் சேர்ந்த வடகிழக்குப் பகுதியில் புதிய இனங்கள் கூடுதலாகத் தோன்றுவதையும், குளிரும் வறட்சியும் சேர்ந்த வடமேற்கில் அவ்வளவு தோன்றாததையும் நிறமூர்த்தப் பெருக்கத்தோடு தொடர்புபடுத்தினார். மண்ணும் நீரும் செடியின் உடலுக்கு வெளியே மட்டும் வேலை செய்வதில்லை, அதன் வம்சத்தையும் தொடுகின்றன என்பதைச் சொல்லும் ஆய்வு இது. ஜம்முவின் ஆய்வுகூடத்திலும், சிறிது காலம் பம்பாயின் துரொம்பேயிலும் பணிபுரிந்தார். ஜம்முவில் ஒரு தாவரச் சேமிப்பகம் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

1970இல், 73 வயதில், சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் ஆய்வுகூடம் ஊருக்கு வெளியே மதுரவாயலில் இருந்தது. அங்கேயே தங்கினார். மருந்துச் செடிகளுக்கு ஒரு தோட்டம் போட்டார். எளிமையான வாழ்க்கை. பூனைகள் பலவற்றை வளர்த்து, ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கவனிப்பாராம்.

தனியே வாழ்ந்தார் என்பதைப் பற்றி எமது குழுவுக்குள் விவாதம் நடந்தது. விஞ்ஞானத்துக்காகக் குடும்ப வாழ்வைத் தியாகம் செய்தார் என்று எழுத வேண்டும் என்றனர் சிலர். மற்றவர்கள் ஒப்பவில்லை. எதையும் இழந்ததாக அவர் நினைத்ததற்கு எமக்குச் சான்று இல்லை. விரும்பியதைச் செய்தார், அதற்கான விலையைக் கொடுத்தார், அவ்வளவே என்பது அவர்கள் கட்சி. கல்யாணமும் முடித்துப் பிள்ளையும் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் எம் சகோதரி ஒருவர், அவருக்கு இருந்த தனிமை தமக்கு ஒரு கிழமை கிடைத்தால் போதும் என்றார். எல்லோரும் சிரித்தோம். தியாகம் என்ற சொல்லைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டோம்.

எழுபது வயதைத் தாண்டியும் ஒரு சண்டை மிச்சமிருந்தது. கேரளத்தின் சைலண்ட் வேலி என்னும் மழைக்காட்டில் குந்திப்புழை ஆற்றை மறித்து மின்சாரத்துக்கு அணை கட்டத் திட்டமிட்டார்கள். காடு நீரில் மூழ்கும். ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள். ஜானகி தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். அக்காட்டின் மரஞ்செடிகளின் நிறமூர்த்தங்களை எண்ணத் தொடங்கினார். அரச அழைப்பில் வந்து அரச நிறுவனத்தைச் சீரமைத்தவர் அரச திட்டத்துக்கு எதிரே நின்றார். வாழ்நாள் முழுதும் செடியை மாற்றி அமைக்கும் வழியைத் தேடியவர், மாற்றாமல் விடவேண்டிய இடமும் உண்டு என்று வந்து நின்றது எமக்கு முரணாகத் தெரியவில்லை. கரும்புக்கு உரம் தந்தது காட்டு நாணல் என்பதை அவர் கோயம்புத்தூரிலேயே கண்டவர். காடு போனால் அடுத்த நாணலுக்கு எங்கே போவது?

1984 பெப்ரவரி 7ஆம் திகதி மதுரவாயலில் ஆய்வில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே காலமானார். வயது 86. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி சைலண்ட் வேலி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அணை கட்டப்படவில்லை.

இந்திய அரசு 1999இல் தாவர, விலங்கு வகைப்பாட்டியலுக்கு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது. ஜோன் இனஸ் நிலையம் வளர்ந்துவரும் நாடுகளின் மாணவர்களுக்குக் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு அவர் பெயரில் புலமைப்பரிசில் வழங்குகிறது. ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் விஞ்ஞானம் படிக்கும் எம் பிள்ளைகளுக்கும் பேத்திகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பார்பர் நிதியைப் போல இதுவும் தேடிப் போகிறவர்களுக்கே கிடைக்கும்.

லண்டனிலும் அதன் சுற்றுவட்டத்திலும் வாழும் சகோதரிகள் மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு விஸ்லிக்குப் போய்வரலாம். பெற்றில்ஸ்டன் குன்று எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். ஜானகி அம்மாள் நட்ட மக்னோலியாக்கள் அங்கேதான் நிற்கின்றன. இலை வருமுன் பூத்துவிடும் சாதி. கிளை முழுதும் வெள்ளையாக இருக்கும். போகிறவர்கள் ஒரு படம் எடுத்து அனுப்பினால், அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தன்று பள்ளி ஆய்வுகூடச் சுவரில் மாட்டுவதற்கு ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறோம்.